வேண்டுதலுக்கு வளர்ந்த முடி

தையல் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக் கண்ணாடியில் பின்னந்தலையைப் பார்த்தாள் மலர்விழி. முடியை வகிர்ந்து இன்ச் டேப்பை வைத்தாள்.

"முக்கால் இன்ச்சு. போன மாசம் கால்தான்."

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த நான் காத்து நின்றது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. திண்டிவனத்தில் அவள் தலையைப் பார்க்க அனுமதி உள்ள இருவரில் நான் ஒருத்தி. இன்னொருத்தி அவள் மகள் சங்கவி.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். மடித்துக் கட்டினாலும் அவள் இரட்டைச் சடை இடுப்பைத் தொடும். எனக்கு அப்படியொரு பொறாமை. ஒருநாள் சடையைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். டீச்சர் கூப்பிட்டதும் எழுந்தவள் அப்படியே பின்னால் சாய்ந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சீவும்போது ஒரு ரூபாய் அளவுக்கு வழுக்கை தட்டுப்பட்டது. புழுவெட்டு. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டாள், மகராசி. வட்டம் மூன்று மடங்கானதும் சங்கவி அவளை விழுப்புரத்துக்கு இழுத்துப் போனாள். "உங்க உடம்பே முடி வேரை எதிரின்னு நெனைச்சி அடிக்குது" என்றாராம் தோல் டாக்டரம்மா. களிம்பு கேட்கவில்லை. பிறகுதான் பி.ஆர்.பி. ஊசி.

"எங்கையில ரத்தம் எடுத்து மெஷின்ல போட்டு ஜல்தியா சுத்துறாங்க. மேல மஞ்சத் தண்ணி தங்குது. அத ஊசியில எடுத்து மண்டையில குத்துறாங்க. என் வூட்டு அரிசிய எடுத்து எனக்கே சோறு போடுறாங்க, பாரேன்."

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. தானாக வளர்வதும் உண்டு, மறுபடி உதிர்வதும் உண்டு என்று சொல்லித்தான் ஊசியைப் போட்டார். இவளுக்கு அது போதவில்லை. திரும்பும்போது பஸ்ஸிலேயே மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: முடி முளைத்தால் மொட்டை.

"அடிப்பாவி, முடிக்காக முடியையா வேண்டிக்குவே?" என்றேன் நான்.

"வேற இன்னா குடுக்கறது? எங்கிட்ட பெருசா இருந்தது அதானே."

மூன்றாவது ஊசிக்குப் பிறகு முளைத்தது. வெள்ளை வெளேரென்று, பூனை முடி போல. அவள் அழுதாள், நானும் அழுதேன். மறுநாளே பேஜாரு பிடித்துக்கொண்டது. மழித்தால் வேர் போகாது என்று டாக்டரம்மா சொல்லியும் மனசு கேட்கவில்லை. "திரும்ப மொளைக்கலன்னா இன்னாடி பண்றது?" ஆர்டர் நிறைய இருக்கிறது, பஸ்ஸில் கூட்டம் என்று மூன்று அமாவாசையைத் தள்ளினாள். வாக்குத் தவறுகிறோமே என்று ராத்தூக்கமும் போயிற்று.

டேப்பு முக்கால் இன்ச்சு காட்டிய அந்த வார அமாவாசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மேல்மலையனூர் போனாள். முடி எடுப்பவர், "மொட்டையா, பூமுடியாம்மா?" என்றார். நுனியில் கொஞ்சம் கத்தரித்தால் போதுமே என்று நான் முந்திக்கொண்டு, "பூமுடி" என்றேன்.

"மொட்டைன்னுதான் சொல்லிக்கினு வந்தேன். நீ சும்மா இரு."

கொண்டையை அவிழ்த்தாள். இப்போதும் இடுப்பைத் தொட்டது. அவர் தண்ணீர் தெளித்து நனைத்ததும், கத்தி முன்நெற்றியில் தொடங்கியது. பின்னந்தலைக்கு வரும்போது சட்டென்று அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கைய எடும்மா, பட்டுடும்."

எடுக்கவில்லை. அவர் சுற்றிலும் மழித்துவிட்டு, கத்தியை நிறுத்திக் காத்திருந்தார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அத்தனை வருஷத்து நீள முடி மடியிலும் தரையிலும் கிடந்தது. அதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தாள். எடுத்த கையை அப்படியே கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், அந்த முக்கால் இன்ச்சு விழப்போகும் இடத்தில் ஏந்தினாள்.