அட்டை கிழிக்கிற ஷெட்

கடைசிப் பக்கங்கள் இல்லாத ஒரு கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அதன் முடிவை ஆறு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டிய நிலைமை உங்களுக்கு வந்திருக்கிறதா? எனக்கு வந்தது. ஒரு தடவை இல்லை, ஒரு கோடை விடுமுறை முழுக்க.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்கு நானே எழுத்தாளன் என்று பட்டம் கொடுத்துக்கொண்டேன். போனிலேயே டைப் செய்து பதினாலு கதை. படித்தது? பாடப் புத்தகம், அதுவும் பரீட்சைக்கு முந்தின நாள். "ஏண்டா, நீ எதுவுமே படிக்க மாட்டேங்கிற?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டால், "அடுத்தவன் எழுதுனதப் படிச்சா நம்ம ஸ்டைல் கெட்டுரும் மாப்ள" என்பேன். என்ன ஸ்டைல் என்று அவன் திருப்பிக் கேட்டதே இல்லை. நல்லவன்.

பதினாலையும் ஒரு சிறுபத்திரிகைக்கு ஒவ்வொன்றாக அனுப்பினேன். பதினாலும் திரும்பின. அப்பா ஒரே மூச்சில் முடித்தார்: "டிகிரி முடியறதுக்குள்ள ஒண்ணாச்சும் அச்சுல வரட்டும். இல்லீன்னா எழுத்தக் கிழுத்த மூட்ட கட்டி வெச்சுட்டு சித்தப்பா மில்லுல போயி லோடு பாரு." கையில் இருந்தது ஒரு வருஷம்.

கொடுமை என்னவென்றால், லோடு பார்க்கிற ஆள் லீவு போட்டுவிட்டார் என்று அந்த மே மாதமே என்னை அங்கே அனுப்பிவிட்டார்கள். ஒத்திகை மாதிரி.

நாமக்கல்லைத் தாண்டி மோகனூர் ரோட்டில் இருக்கிறது சித்தப்பாவின் மில். முட்டை அடுக்குகிற ட்ரே செய்கிற மில். பழைய பேப்பரைத் தண்ணீரில் போட்டுக் கூழாக்கி, அச்சில் பிடித்து வெயிலில் காய வைத்தால், முப்பது முட்டை உட்காருகிற சாம்பல் நிற ட்ரே. சேலம், ஆத்தூர், எடப்பாடி என்று எங்கெங்கிருந்தோ வருகிற பேப்பர் லோடில் பாதி புத்தகம்தான். கைடு, வாரப் பத்திரிகை, நாவல், யாரோ ஒருவருடைய ஜாதக நோட்டு, எல்லாம் ஒரே குவியல்.

புத்தகத்தை அப்படியே தொட்டிக்குள் போட முடியாது. அட்டைமேல் இருக்கிற பிளாஸ்டிக் பூச்சு கரையாது, முதுகில் இருக்கிற பசையும் கரையாது. அதற்கென்றே ஷெட்டில் ஆறு பெண்கள். புத்தகத்தைக் காலுக்கடியில் அமுக்கிப் பின்னட்டையைப் பிடித்து ஒரு இழு. இரண்டு அட்டை, பசை, அதோடு ஒட்டிக்கொண்ட முதல் பக்கம், கடைசிப் பக்கங்கள் எல்லாம் ஒரு பக்கம் பறக்கும். மிச்சம் தொட்டிப் பக்கம் போகும். எழுதியவர் பெயர், தலைப்பு, கதையின் முடிவு மூன்றும் அரை நொடியில் காலி. இதில் கில்லாடி, எல்லாரும் 'பெரியக்கா' என்று கூப்பிடுகிற ஒருவர். முப்பத்தைந்து வயசு இருக்கும். பத்தாவது வரை படித்தவர். வாய் மட்டும் டாக்டர் பட்டம்.

மூன்றாம் நாள் போனில் டேட்டா தீர்ந்தது. வேறு வழியில்லாமல், அட்டை கிழித்துப் போட்ட குவியலில் சாய்ந்து, கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்தேன். ஒரு சின்ன ஊர் போஸ்ட் ஆபீஸ். அங்கே வேலை பார்க்கிற பெண், தன் தோழிக்கு வெளியூர்க் காதலனிடமிருந்து வந்த ஒரு கடிதத்தைத் தோழியிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"என்ன சாமி, லோடு பாக்க வந்தியா, பரீட்ச எழுத வந்தியா?" என்றார் பெரியக்கா. "அப்பிடி என்னதான் இருக்குது அதுல? எங்களுக்கும் சொல்லு, கைக்கு வேல இருக்குது, காது சும்மாதான கெடக்குது."

சொன்னேன். ஆறு பேரும் கிழித்துக்கொண்டே கேட்டார்கள். கடிதம் அவளிடம் வந்து ஒரு மாதமாகிறது, தோழிக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசுகிறார்கள் என்கிற இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது.

"அப்பறம்?"

"அவ்ளோதாங்க்கா. மிச்சத்த நீங்கதான் கிழிச்சுட்டீங்க."

"அதெல்லாம் தெரியாது. நீதான் கத எழுதறவனாச்சே, உங்க சித்தப்பா சொன்னாரு. சொல்லு."

எனக்கா கசக்கும்? கெத்தாக ஆரம்பித்தேன். அவள் மழையில் ஓடுகிறாள், கடிதம் கையில், எதிரே லாரி வருகிறது, அடித்துத் தூக்குகிறது.

ஷெட்டே கத்தியது. "அட போ சாமி! லாரிக்கு வேற சோலி இல்லையா?" என்றார் ஒருவர். "எங்கூட்டுக்காரரு லாரிதான் ஓட்டறாரு, பாத்துப் பேசு" என்றார் இன்னொருவர். பெரியக்கா மட்டும் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ எதுக்குச் சாவோணும்? டெய்லி சாயங்காலம் தோழியூட்டு வாசப்படி வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வாரான்னு நீதான சொன்ன? பைய இறுக்கிப் புடிச்சுட்டு நிக்கறான்னு சொன்ன. அந்த லெட்டரு பைக்குள்ளதான் இருக்குது. அவளுக்குக் குடுக்கோணும்னுதான் இருக்குது. குடுத்தா தோழி போயிருவா, அப்பறம் இவளுக்குன்னு ஆரு இருக்கறா?"

கையில் பக்கத்தைப் பிடித்திருந்தவன் நான். பையைக் கவனித்தது, காதால் மட்டும் கேட்ட அவர். அந்தப் பையை நான் சும்மா பை என்று தாண்டிப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பிப் பார்க்கலாம் என்று தேடினால், தாள்கள் தொட்டிக்குள் போய்க் கூழாகியிருந்தன. மில் வழக்கம் அது. அன்றைக்கு வந்த லோடு அன்றைக்கே தொட்டிக்குள்.

அன்று ராத்திரி என் பதினாலு கதைகளையும் போனில் எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் கடைசியில் யாராவது சாகிறார்கள். மூன்றில் லாரி. யாரிடமும் ஒரு பைகூட இல்லை. அடுத்தவன் எழுதினதைப் படித்தால் கெட்டுப்போக, என்னிடம் ஸ்டைல் என்று ஒன்று இருந்தால்தானே!

அதற்கப்புறம் அந்த விடுமுறையே வேறு மாதிரி ஆனது. காலையில் லோடு இறங்கி, கிழிக்க ஆரம்பித்ததும் ஒரு புத்தகம். சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும், அப்புறம் அது கிடையாது. அதனால் பிடித்த வரிகளை மனப்பாடமே செய்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் கதை சொல்வேன், முடிவைக் கட்டுவேன், ஆறு பேரும் சேர்ந்து அதை உரிப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் பெரியக்காவே கிழித்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துத் தனியாக வைக்க ஆரம்பித்தார். "இதுல பேச்சு நெறையா இருக்குது, உனக்குத்தான் பேச்சு எழுத வராதே" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் வாங்கிக்கொள்வேன். ஊறின காகித வாசனை, களத்தில் வரிசையாகக் காய்கிற ட்ரேக்கள், ஓட்டை விழுந்த கூரை ஷீட்டு வழியாகப் பக்கத்தின்மேல் விழுகிற வெயில் வட்டம். அது நகர நகர நானும் நகர்ந்து உட்காருவேன். இருபத்தேழு புத்தகம். ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது, எழுதியவர் ஒருவரையும் தெரியாது. இன்றைக்கும் எங்காவது ஒரு நாவலைப் பிரித்தால், இது அந்த மே மாதத்தில் படித்ததாக இருக்குமோ என்று நாலு பக்கம் தேடுவேன்.

ஊருக்குத் திரும்பி ஏழு மாதம் ஒரே ஒரு கதைதான் எழுதினேன். எழுதினேன், கிழித்தேன், நடுவில் கல்லூரி நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். நூலகர் என்னை வழி தவறி வந்தவன் மாதிரி பார்த்தார். கடைசி செமஸ்டரில் அந்தக் கதை அச்சில் வந்தது. அப்பா பத்திரிகையை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "செரி, லோடு பாக்க வேற ஆளப் போட்டுக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு விழா.

அடுத்த பஸ்ஸிலேயே மில்லுக்குப் போனேன். பத்திரிகையைப் பெரியக்காவிடம் நீட்டினேன். அட்டையிலேயே என் பெயர் போட்டிருந்தார்கள், அவரே பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் பேசிக்கொண்டே வாங்கினார், காலுக்கடியில் அமுக்கினார், ஒரே இழு.

"அய்யோ அக்கா!"

"அடக் கடவுளே, கை தானாப் போயிருச்சு சாமி! உம்படதா?" அட்டைக் குவியலில் தேடியெடுத்து முந்தானையால் துடைத்தார். ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் சித்தப்பா ஆபீஸ் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்புறம் கிழிந்ததைச் சேர்த்து வைத்து, சத்தமாக, விரல் வைத்து, முழுசாகப் படித்தார். யாரும் கிழிக்கவில்லை. முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பொம்பள நாளெல்லாம் வேல செய்யறா, ஒருக்காக்கூடக் கை நோவுதுன்னு சொல்லுலயே. அடுத்ததுல சொல்லச் சொல்லு" என்றார்.

அடுத்தது எழுதி நாலு வருஷமாகிறது. இன்னும் எங்கேயும் அச்சில் வரவில்லை. இன்று காலைகூடத் திரும்பி வந்துவிட்டது. சேலம் அஸ்தம்பட்டியில் என் ஆபீசில் இப்போது சாப்பாட்டு நேரம், நான் ஒரு நாவலில் நூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தில் இருக்கிறேன்.