பெரிய வெள்ளியில் கதலிப்பழம் தின்ற றீற்றா ரீச்சர்

றீற்றா ரீச்சர் போய்விட்டார் என்ற செய்தியைக் காலையில் சைக்கிளில் வந்து சொன்னவர், கேட்காமலே காரணத்தையும் சொன்னார்: "அந்தத் தலையிடிதான் அவாவைக் கொண்டுபோட்டுது." அழுகைக்கு முன்னம் எனக்குக் கோபம்தான் வந்தது. தலையிடியாவது மண்ணாங்கட்டியாவது! அவரைக் கொண்டுபோனது மலேரியாக் காய்ச்சல். சண்டையால் பாதை பூட்டிக்கிடந்ததால் மருந்து வந்து சேரவில்லை. குமர்ப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து தன் தலையிடியை அடக்கி வைத்திருந்த மனுஷி அவர். அதனிடம் தோற்றுப்போனார் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் காலமும் நினைவிருக்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அவரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நானும் மல்லாவியில் ஒரே கொட்டில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு மண்டையின் இடது பாதியில் இடி தொடங்கும். வெளிச்சம் பட்டால் ஓங்காளித்துச் சத்தி வரும். நாவூறு என்று அயலட்டைப் பெண்கள் செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்தப் புகையில் இடி இரட்டிப்பானது.

பள்ளிக்கூட அதிபர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "வெள்ளிக்கிழமையளிலை பிள்ளையள் சும்மா இருக்கினம், ரீச்சர். சோதனை எடுக்கிற வகுப்பை வேறை ஆரிட்டையும் குடுக்கட்டோ?" வீடும் ஊரும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான். அதையும் பறிகொடுத்தால் நான் எதற்காக எழும்புவது?

அடுத்த வெள்ளி றீற்றா ரீச்சர் என் கொட்டிலுக்கு வந்தார். யன்னலைச் சாக்கால் மறைத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார், பார்க்க வந்தவர்களைத் துரத்தினார். இடி தணிந்த பிறகு, "அதென்ன வெள்ளிக்கிழமையிலை மட்டும் வருது?" என்று விடாப்பிடியாகக் கேட்டார். சொன்னேன். இடம்பெயர்வில் காணாமற்போன தம்பி திரும்பி வரும்வரை வெள்ளிதோறும் பொழுதுபடும்வரை பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று நேர்ந்திருந்தேன்.

"உந்தச் சனியன் எனக்கும் இருக்குது. வெறுவயித்தோடை இருந்தால் வரும். நித்திரை முழிச்சால் வரும். தண்ணி குடியாமல் வெய்யிலுக்குள்ளை நிண்டாலும் வரும். தம்பி வாற அண்டைக்கு நீங்கள் இப்பிடிப் படுத்துக் கிடந்தால், அவனுக்கு ஆர் சோறு போடுறது?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரதத்தை விடுவது தம்பியைக் கைவிடுவது போலிருந்தது. சில நாட்கள் அவரோடு நான் கதைக்கவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. கோபத்தைப் பாராமல் என்னைச் சிலுவைப்பாதைக்குக் கூட்டிப்போனார். கொளுத்தும் வெயில், சனம் முழுக்க ஒருசந்தி விரதம். பாதி வழியில் ரீச்சர் பையைத் திறந்து, எல்லோருக்கும் முன்னால் கதலிப்பழம் ஒன்றை உரித்தார்.

"ஐயோ பிள்ளை, இண்டைக்கோ!" என்று வயதான பெண் ஒருவர் வாயில் கைவைத்தார்.

"ஓம் அன்ரி, இண்டைக்குத்தான். நான் விழுந்து கிடந்தால் மிச்சத்தை ஆர் நடக்கிறது?"

முன்னால் போன பங்குச் சுவாமி கண்டும் காணாதவர்போல, செபம் சொல்லும் அடுத்த ஸ்தலத்துக்கு நடந்தார். ரீச்சர் பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினார். எனக்கும் அன்று விரதம். வாங்கித் தின்றேன். கடைசி ஸ்தலம்வரை இருவரும் நடந்தோம். அன்று எனக்குத் தலை இடிக்கவில்லை.

அதோடு தலையிடி முற்றாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். "முழுசாய் மாறுமெண்டு ஆர் சொன்னது? வாறதைக் குறைப்பம்" என்பார். நேரத்துக்குப் படு, நேரத்துக்கு எழும்பு, வெறும் பிளேன்ரீயைக் குடித்து நாளை ஓட்டாதே, இதுதான் அவருடைய வைத்தியம். சுக்குப் பத்துப் போடலாமா என்று கேட்டவரிடம், "பூசுங்கோ, ஆனால் சாப்பிட்டிட்டுப் பூசுங்கோ" என்றார். மாணவி ஒருத்தியின் தாய்க்குக் காய்ச்சலோடு திடீரென்று தலையிடி வந்தபோது, "இது எங்கட தலையிடி இல்லை" என்று உழவு இயந்திரத்தை மறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என் வெள்ளிக்கிழமைகள் திரும்பி வந்தன. வகுப்பும் என்னிடமே இருந்தது.

அவருடைய செத்த வீட்டில் வெயில் தறப்பாள் கூரையைத் துளைத்தது. பிரேதம் எடுக்கும்வரை வாயில் ஒன்றும் வைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். மத்தியானமாகும்போது இடது கண்ணுக்குப் பின்னால் பழைய குத்துத் தொடங்கியது. பையைத் திறந்தேன். சவப்பெட்டியின் பக்கத்திலேயே இருந்து கதலிப்பழத்தை உரித்தேன்.

"என்ன ரீச்சர், இன்னும் எடுக்கேல்லையே!" என்று ஒருத்தி முறைத்தாள்.

"ஓம். சவக்காலைவரை நான் நடக்கவேணும்" என்றேன். பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, அழுதழுது நடந்து, குழியில் மண் போட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதத்தைத்தான். தம்பி இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுகிறேன். என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறேன். அவன் வரும் நாளில் நான் படுத்திருக்க மாட்டேன்.