பளிச்சம்மா துவைத்த சட்டை

அந்தக் குடியிருப்பில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பளிச்சம்மா என்றால்தான் தெரியும். வாக்கப்பட்டது பஸ் டிப்போ மெக்கானிக்குக்கு. புதுப்பெண்ணாக வந்தபோது அவர் சட்டையில் அப்பிக் கிடந்த கிரீஸைப் பார்த்து மலைத்துப் போனவள், பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டுப் பிறகு பாத்திர சோப்புப் போடத் தானாகவே கற்றுக்கொண்டாள். பேனா மைக்கு ஸ்பிரிட். ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீரும் உப்பும். வெந்நீர் பட்டால் கறை ஒட்டிக்கொண்டுவிடும். மற்றவர்கள் கைவிட்ட துணியெல்லாம் அவளிடம்தான் வரும். "இவ கை பட்டா கறை நிக்காது" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் தலைகால் புரியாது அவளுக்கு. கறையோடு ஒரு துணி கொடியில் ஏறினால் மானமே போனதாக நினைக்கிற ஜென்மம்.

ஒரு நாள் மத்தியானம் கட்டிக்கொடுத்த மகள் வாசலில் வந்து நின்றாள். மூக்கு வீங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையின் முன்பக்கமெல்லாம் ரத்தம்.

"அடிச்சிட்டாரும்மா. இனிமே அங்க போகமாட்டேன்."

பளிச்சம்மா மகளின் மூக்கைத் தொடக் கை நீட்டினாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "முதல்ல உள்ள வந்து அதக் கழட்டு. யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க."

மகள் அசந்து தூங்கியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துவைத்தாள். மருமகனை வாய்க்கு வந்தபடி திட்டினாள், அழுதாள், கை மட்டும் நிற்கவில்லை. தையல் இடுக்கில் தங்கியதைப் பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்தாள், பாவி.

"அவசரப்பட வேணாம், பேசிப் பாப்போம்" என்று மெக்கானிக் நாளைக் கடத்தினார். மூக்கு வீக்கம் வடிந்துவிட்டது. அதற்குள் மருமகன் முந்திக்கொண்டான். தான் கை வைக்கவே இல்லை, அவளாகக் கோபித்துக்கொண்டு போனாள், அனுப்பி வைக்கச் சொல்லுங்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாம்மா?" என்று பெண் அதிகாரி மகளைக் கேட்டார்.

"இல்ல மேடம். ஆனா அன்னைக்குப் போட்டிருந்த சட்டை இருக்கு. ரத்தம் பூரா அதுலதான். அம்மாகிட்ட குடுத்தேன்."

பளிச்சம்மா வீட்டுக்கு ஓடினாள். இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த சட்டையை ஜன்னலோரம் விரித்து, தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பொட்டு இருந்தால் போதும். அவள் ஆயுசில் கறையைத் தேடியது அன்றைக்குத்தான். கிடைக்கவில்லை.

ஸ்டேஷனில் அதிகாரி சட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"நான்தான் மேடம் தொவைச்சேன். ரத்தத்த என் கண்ணால பாத்தேன்."

"பெத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு உங்க மருமகன் சொல்வாரே."

மகள் அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கம்மா கை பட்டா கறை நிக்காது மேடம்" என்றாள்.

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே மகளிடம், "போய்ட்டு வாம்மா" என்றார்.

அதிகாரி திருப்பிக் கொடுத்த சட்டையை மருமகன் எழுந்து மாமியாரின் கையிலிருந்து வாங்கினான். "நல்லா தொவைச்சிருக்கீங்க அத்தை" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்தான். அவள் எழுந்து அவன் பின்னால் போனாள்.