வேகத்துக்கு ஐந்து

பலம், வேகம், தெம்பு. உடம்புக்கு இந்த மூன்றில் எது உபயோகம் என்று பத்து வயதில் என்னைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அப்படியொரு அதிகப்பிரசங்கி நான்.

அந்த மே மாதம் காலேஜ் படிக்கிற அண்ணன், பெரியம்மா மகன், கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்தான். ஹாஸ்டலில் யாரிடமோ வாங்கி ஜெராக்ஸ் எடுத்த இங்கிலீஷ் விளையாட்டுப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. அவன் கதை சொல்வான், குகை வரும், பூதம் வரும், நாங்கள் வீரர்கள். மூன்று பகடையைச் சேர்த்து மூன்று தரம் உருட்டி, ஒவ்வொரு தரமும் விழுகிற கூட்டுத்தொகையில் எது பலத்துக்கு, எது வேகத்துக்கு, எது தெம்புக்கு என்று நாமே பிரித்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்குப் பதினாறு, ஒன்பது, ஐந்து விழுந்தது. யோசிக்காமல் பதினாறை வேகத்துக்கு எழுதினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேகம் இன்னாத்துக்குக்கா? தெம்பு இருந்தா எவ்ளோ அடிச்சாலும் சாவ மாட்டே. முன்னாடி நின்னு அடி வாங்க ஒரு ஆள் வோணும்ல?"

"ஓட முடிஞ்சா போதும்டி எனக்கு."

பலமெல்லாம் எனக்கு, வாள் எனக்கு, அடி மட்டும் அவளுக்கு. இதுதான் என் கணக்கு. ரப்பரை எடுத்து அழித்து, தெம்புக்குப் பதினாறும் வேகத்துக்கு ஐந்துமாக நானே மாற்றி எழுதினேன். அதுதான் சரி என்று அண்ணனும் சொல்லிவிட்டான்.

அந்த வாரம்தான் பூந்தமல்லிக்காரர்கள் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டாம் என்று அழுதாள், அப்பாவிடம் அடி வாங்கினாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். யாரும் கேட்பதாக இல்லை. அப்புறம் யாரிடமும் பேசுவதில்லை. விளையாட மட்டும் வருவாள்.

குகையில் பூதம் அவளைப் போட்டு அடித்தது. ஏழெட்டு அடி வாங்கியும் சாகவில்லை. "நான் ஓடிர்றேண்ணா" என்றாள். அவள் வேகம் ஐந்து, அந்த ஐந்துக்குள் விழுந்தால் தப்பலாம். பதினொன்று விழுந்தது. திரும்ப உருட்டினாள், பன்னிரண்டு. நான் கை தட்டினேன், சண்டாளி. புதையல் அறையை நாளைக்குப் பார்க்கலாம் என்று அண்ணன் நிறுத்தினான்.

மறுநாள் காலை அம்மா ரேஷனுக்குப் போயிருந்த நேரம் அக்கா துணிப்பையோடு கிளம்பினாள்.

"அரக்கோணத்துல ஃப்ரெண்டு ஊட்டுக்குப் போறேன். அங்க வேல கீதாம். யாராண்டயும் சொல்லாதடி" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

எனக்கு உறைத்தது ஒன்றுதான். இவள் போய்விட்டால் சாயங்காலம் ஆட்டம் கிடையாது. தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். சைக்கிளில் பறந்தார். ரயில் இன்னும் வரவில்லை. கேரியரில் உட்கார வைத்து அழைத்து வந்தார். பாழாய்ப்போன அந்த ரயில் அன்றைக்கு ஒரு நாளாவது முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா?

ஆவணியில் கல்யாணம். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தாள், சாகிற வரைக்கும். அங்கே நடந்ததை எழுதி என்ன ஆகப்போகிறது.

ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று சாயங்காலம், தாள்களைப் பரப்பி வைத்து அவளைக் கூப்பிட்டேன். வீங்கின முகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, அக்காவுக்கு என்மேல் கோபமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.