படத்தில் விட்டுப்போன மூன்று ஆட்டோ

கண்டியில் லொறி நிறுத்திச் சாமான் இறக்க இடம், மண்டப வாசலில் விருந்தாளிகளின் காரை வாங்கிக்கொண்டு போய் நிறுத்த அனுமதி, இதற்கெல்லாம் சிங்களத்தில் விண்ணப்பம் எழுதி, படம் கீறி, மாநகர சபை அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதுதான் என் பிழைப்பு. கவுண்டருக்கு முன்னால் கால் கடுக்க நின்று, "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பியவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சாய்ந்த மைதானம்

ஹந்தானைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் விருந்தாளிகளிடம் வாங்குகிற கார்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துவீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. மண்டபத்துக்குப் பின்னால் இருந்ததோ புல் முளைத்த சரிவு. நான் ஒரு நீள்சதுரம் போட்டு, நடுவில் "மைதானம்" என்று எழுதி, அறுபது கார் நிற்கும் என்று கொடுத்துவிட்டேன். காகிதத்தில் எல்லா நிலமும் மட்டமாகத்தானே இருக்கிறது!

பார்வையிட வந்த அதிகாரி சிங்களவர், அதிகம் பேசமாட்டார். படத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார். என் ஒரு கால் மேலே, மறு கால் கீழே. சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர், இங்கே ஆடுகூட சாய்ந்துதான் நிற்கும்."

எவருமில்லை

அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?

மடவளையிலிருந்து வந்து டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கடை இருப்பது ஒடுக்கமான குறுக்குத் தெரு. லொறி வந்தால் பின்னால் பஸ்ஸெல்லாம் ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டிவிடும். கடைக்கு முன்னால் சாமான் இறக்க ஓர் இடம் வேண்டும் என்றார். நியாயமான தேவைதான்.

ஆனால் அந்த இடத்தில்தான் பதினொரு வருஷமாக மூன்று ஆட்டோ நிற்கிறது. சபைப் பதிவில் இல்லாத, தெருவுக்கே தெரிந்த ஸ்டாண்ட். அதைப் படத்தில் காட்டினால் ஃபைல் இன்னும் இரண்டு மேசை சுற்றும், மாதக்கணக்கில் இழுக்கும். எனக்குப் பொறுமை இல்லை. லைட் கம்பத்தைக் கீறினேன், ஓரத்துச் சாக்கடைக் கானைக் கீறினேன், கான் மூடி உடைந்திருந்ததைக்கூட விடாமல் கீறினேன். "இடத்தை இப்போது பயன்படுத்துவோர்" என்ற கட்டத்தில் "எவருமில்லை" என்று எழுதினேன். ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்போது பிள்ளைகளை ஏற்ற மூன்று ஆட்டோவும் ஹயர் போய்விடும். அந்த நேரமாகப் பார்த்து, சரிவைப் பார்த்த அதே அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினேன்.

இதொன்றும் ஹாஜியாருக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனையை நிறுத்திக்கொண்டு அவர் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, அந்த ஆட்டோக்காரப் புள்ளைகளுக்குச் சொல்லியாச்சா?"

ஷட்டரில் ஒட்டிய நோட்டீஸ்

சொல்லியாச்சு என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று இரண்டு வாரம் கடை முகப்பில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஒட்டினேனே! கடை சாத்தியபிறகு இரும்பு ஷட்டரில் ஒட்டினேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் நோட்டீஸும் சேர்ந்து சுருண்டு மேலே போய்விடும். அதற்குச் சாட்சியாக ஒரு போட்டோவும் எடுத்து ஃபைலில் வைத்தேன். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள், நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்த ஃபைலோடு நான் அலுவலகம் போனதெல்லாம் ஆரோக்கியத்தின் ஆட்டோவில். அந்த ஸ்டாண்டின் முதல் வண்டி அவனுடையது. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இந்த ஒரு இடத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவன். ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிகள் அவனைத் தேடித்தான் வருவார்கள். மழை தூறினால் என் ஃபைல் நனையாமல் பக்கத்துப் படங்குத் திரையை இழுத்துக் கட்டிவிடுவான். கடைசி நாள் இறக்கிவிட்டுச் சொன்னான்: "நல்லபடியா முடியட்டும்ணே, நான் மாதாவ வேண்டிக்கிறேன்."

மஞ்சள் பெயின்ட்

மாதா அவன் சொன்னதைக் கேட்டுவிட்டாள். அனுமதி கிடைத்தது. ஒரு நாள் காலையில் சபை ஆட்கள் வந்து மஞ்சள் கோடு போட்டு, பலகை நட்டார்கள். மூன்று ஆட்டோவையும் எழும்பச் சொன்னார்கள். மற்ற இரண்டு பேரும் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போய்விட்டார்கள். ஆரோக்கியம் மட்டும் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தான். நிறுத்தினால் பொலிஸ் விரட்டுகிறது, நிறுத்தாவிட்டால் கிழவிகளுக்கு அவன் எங்கே என்று தெரியவில்லை.

ஹாஜியார் என்னை உள்ளே கூப்பிட்டார், உட்காரக் கதிரையைக்கூடக் காட்டவில்லை. நான் சட்டம், நோட்டீஸ், இரண்டு வாரம் என்று என்னவோ உளறினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் எடம்தான் கேட்டேன் தம்பி, ஆரோக்கியத்துட எடத்தக் கேக்கல்ல."

ஒரே கை

அடுத்த கிழமை ஆரோக்கியமே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். மேன்முறையீடு எழுத வேண்டுமாம். "இந்த வேலைய செஞ்சது யாருன்னு தெரியுமா ஆரோக்கியம்?" என்றேன். "தெரியும்ணே. அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன். எங்க மறைச்சீங்கன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்," என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எழுதினேன். முதல் வரைவில் "கவனக்குறைவால் விடுபட்டது" என்று போட்டேன், பிறகு அதைக் கிழித்துவிட்டு "மறைக்கப்பட்டது" என்று எழுதினேன். மூன்று ஆட்டோவையும் காட்டிப் புதுப் படமும் கீறினேன். இடத்தைப் பகிர்ந்துகொள்ள ஹாஜியாரும் சம்மதக் கடிதம் கொடுத்தார். அதே அதிகாரி இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இரண்டும் ஒரே கை. எது பொய்?" என்று சிங்களத்தில் கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், முதலாவதுதான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இப்போது காலை ஒன்பது மணி வரைதான் அங்கே லொறி. அதற்குப் பிறகு ஆட்டோ நிற்கலாம். மற்ற இருவரும் திரும்பி வரவில்லை, ஆரோக்கியம் வந்துவிட்டான். போன வாரம் புது ஃபைல் ஒன்றோடு அவன் ஆட்டோவில் ஏறினேன். கோபமா, கேலியா, ஒன்றும் தெரியாத முகம். ஸ்டார்ட் பண்ணாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஆபீசுக்காண்ணே? இன்னைக்கு யாரு எடம்?"

ஊரில் எந்த வண்டிக்கும் நிற்க இடம் வாங்கிக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, அந்த ஆட்டோவுக்குள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்கு மட்டும் இன்னும் அனுமதி கிடைத்தபாடில்லை.