ஏழுமலையின் அம்பாசிடரும் என் ஃபியட்டும்

ஏழுமலை போய்விட்டான். காலையில் அவன் மகள் செல்வி போன் செய்தாள்... ஆஸ்பத்திரியில், தூக்கத்திலேயே.

மணலியில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில் ஃபிட்டராக இருந்தோம். அவனிடம் ஒரு பழைய அம்பாசிடர், என்னிடம் ஒரு பழைய ஃபியட். ரிட்டயர் ஆன பிறகு எது ஒசத்தி என்று சண்டை போடுவதே எங்களுக்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் டீக்கடை வாசலில் இரண்டு வண்டியும் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும்.

"இன்னா மாமு, தீப்பெட்டிய தொடச்சி எடுத்துகினு வந்துட்டியா? என்னுது ஆயிரத்தி ஐந்நூறு சிசி. உன்னுது ஆயிரத்து நூறு. ரெண்டும் ஒண்ணா?" என்பான்.

"சிசிய வெச்சி நாக்கு வழிக்கிறதா? நீதான் பெட்ரோல் பங்க்லயே குடித்தனம் பண்ற. உன் வண்டி திரும்பணும்னா ஹார்பரையே காலி பண்ணணும்."

"பின்சீட்டு எப்டி கீது பாரு. உன் வண்டில குந்துனா முட்டி மூக்குல இடிக்குது."

செல்வி கல்யாணத்தில் சீர் பாத்திரம் மொத்தமும் அவன் டிக்கியில் ஏறியது. என்னிடம் ஒரே ஒரு தட்டைக் கொடுத்து, "உன் டிக்கிக்கு வெத்தல பாக்கு போதும்" என்றான். சம்பந்தி வீட்டார் முன்னால்... பாவி.

போன வாரம் மதியம் செல்வி கூப்பிட்டாள். "மாமா, நைனாவுக்கு நெஞ்சு வலிக்குது. தெருவுல பள்ளம் தோண்டிப் போட்டுகிறாங்க, எங்க வண்டி வெளிய வராது. ஆம்புலன்ஸுக்கு நேரமாவுமாம்."

அம்பாசிடரைவிட ஃபியட் ஒரு சாண் ஒடுக்கம். பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவில் எப்படி நுழைந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கண்ணாடி ஒன்று போனது, போகட்டும்.

பின்சீட்டில் மகள் மடியில் தலை வைத்து, காலை மடக்கிப் படுத்திருந்தான். விம்கோ நகர் தாண்டும்போது முனகினான். "முட்டி இடிக்குது மாமு..."

"வாய மூடிகினு வாடா" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர், ரோடே தெரியவில்லை.

நேரத்துக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் அவனிடம் எதில் வந்தீர்கள் என்று கேட்டார். நான் வெளியே நிற்பது அவனுக்குத் தெரியாது.

"தோஸ்து வண்டில சிஸ்டர். ஃபியட்டு. நல்ல வண்டி."

என் முகத்துக்கு நேராக ஒரு நாளும் சொல்லாதவன். வீட்டுக்கு வரட்டும், டீக்கடையில் எல்லார் முன்னாலும் மறுபடி சொல்ல வைக்கிறேன் என்று காத்திருந்தேன்.

இன்று நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பள்ளம் இன்னும் மூடவில்லை, தெரு முனையிலிருந்து நடந்துதான் வர வேண்டும். தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஏழுமலை... உன்னுதும் நல்ல வண்டிதான்டா. நானும் உன் முகத்துக்கு நேராகச் சொன்னதே இல்லை.

போய்ட்டு வா மாமு.