தலை பஞ்சாயத்தில், கால் மாநகராட்சியில்

பிள்ளைகளா, திருவனந்தபுரத்துக்குச் சற்று வெளியே நிற்கிறேன். கல்லாறு போகிற பஸ் பஞ்சர். எதிரே ஒரு நீலத் தார்ப்பாய்க் குடிசை. அதன் நடுவே எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் பஞ்சாயத்து.

குடியிருப்பவர் தென்காசிக்காரர் செல்லையா, இஸ்திரி போடுகிறவர். வீடு கேட்டால் இத்தனை நாளும் மாநகராட்சி பஞ்சாயத்தைக் கைகாட்டுமாம், பஞ்சாயத்து மாநகராட்சியை. இப்போது இரண்டு ஆபீசும் சேர்ந்து, வீடில்லாத எல்லாருக்கும் வீடு கொடுக்கப்போகின்றன. பட்டியல் இன்றோடு முடிகிறது. விட்டால் தார்ப்பாய்தான் கதி. ஆனால் செல்லையா யாருடைய ஆள்? இரண்டு அதிகாரிகள் டேப்போடு வந்திருக்கிறார்கள்.

"உறங்கும்போ தலை எவிடெ, செல்லையா?" என்கிறார் மாநகராட்சிக்காரர்.

"பஞ்சாயத்துல, சாரே. கால் உங்க பக்கம்."

"அப்போ பஞ்சாயத்து ஆளு தன்னே!"

செல்லையாவின் மனைவி பேச்சி குறுக்கிடுகிறாள். "எந்தலை கார்ப்பரேஷன்ல கெடக்கு சாரே. இவரு கொறட்டைக்குப் பயந்து நான் மாத்தில்லா படுக்கேன்!"

அதிகாரிகள் டேப்பைச் சுருட்டுகிறார்கள். கடைசியில் பஞ்சாயத்துக்காரர், "ரெண்டு ஆபீசும் ஒரே பேப்பர்ல கையெழுத்துப் போடலாம், சாரே" என்கிறார்.

அலைந்த அலைச்சலில் மனு எட்டாய் மடிந்து கசங்கியிருக்கிறது. செல்லையா அதை இஸ்திரி மேஜையில் விரித்து, ஒரு தேய்ப்பு தேய்த்து நீட்டுகிறார். சூடு ஆறுமுன் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பஸ் ஹாரன் அடிக்கிறது. "இனி நிம்மதியா உறங்கலாம், தாயி" என்கிறேன்.

"எங்க அண்ணாச்சி? கொறட்டையும் கூடவேல்லா குடிவருது!"